பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு வாசிக்கப் பழகுதல்

வீட்டில் உட்கார்ந்து வர்ணத்தை இரண்டு காலத்திலும் பிசகாமல் பாடுகிறீர்கள். குருவின் முன்னால் நாலைந்து ராகம் ஆலாபனை செய்யவும் வருகிறது. ஆனால் வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் ஒரு பக்கமும் வந்து உட்கார்ந்ததும் பாட்டு இறுகிப்போகிறது. வாத்தியக்காரர்களுக்கும் இதே நிலைதான். பாடம் எல்லாம் விரலில் இருக்கிறது. எதிரில் பாடுபவரோடு அது ஒட்டுவதில்லை. இந்த அத்தியாயம் அதைச் சரிசெய்வதற்கு.

பாடகர், வயலின்காரர், மிருதங்கக்காரர் எல்லோருக்கும் பொதுவாக எழுதியிருக்கிறேன். உங்கள் வாத்தியத்துக்குரிய பகுதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் எந்த நேரத்தில் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்தால்தான் அவருக்கு இடம் விடத் தெரியும்.

"அவங்க ரெண்டு பேருக்கும் நல்லா செட் ஆகுது" என்று சபா வாசலில் பேசிக்கொள்வார்கள். வருடக்கணக்கில் சேர்ந்து வாசிப்பதால் வரும் பலன் பெரியது, மறுக்கவில்லை. ஆலத்தூர் சகோதரர்கள் என்று பெயரெடுத்த சீனிவாச ஐயரும் சிவசுப்ரமணிய ஐயரும் உடன்பிறந்தவர்கள் இல்லை. சிவசுப்ரமணிய ஐயரின் தகப்பனார் வெங்கடேச ஐயரிடம் இருவரும் சேர்ந்து பாடம் கேட்டவர்கள். ஒரே பாடாந்தரம், ஒரே சாதகம் அவர்களைச் சகோதரர்கள் ஆக்கியது. ஆனால் நம் கச்சேரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒத்திகையே கிடையாது. அன்றைக்கு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். முன்பின் தெரியாதவரோடும் அரை மணி நேரத்துக்குள் ஒத்துப்போகத் தெரிய வேண்டும். அதற்கு வழி உண்டு. சுருதியும் காலப்பிரமாணமும் முதல் இரண்டு உருப்படிகளுக்குள் நிலைத்துவிட்டால் மீதியைக் காது பார்த்துக்கொள்ளும். காதுக்கு வேலை கொடுக்காமல் கைக்கும் தொண்டைக்கும் மட்டும் வேலை கொடுப்பதால்தான் பல கச்சேரிகள் ஒட்டாமல் போகின்றன.

மேடை ஏறும் முன்

1. கட்டையை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். ஆண் குரல் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள், பெண் குரல் நாலரை முதல் ஆறு கட்டைக்குள் இருக்கும். அதற்கேற்ப மிருதங்கக்காரர் தக்கு சுருதி வாத்தியமோ ஹெச்சு சுருதி வாத்தியமோ எடுத்து வர வேண்டும். கடம் வாசிப்பவருக்கு இது இன்னும் முக்கியம். பானையின் சுருதியை மேடையில் பெரிதாக மாற்ற முடியாது. சரியான பானையை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும்.

2. உட்காரும் இடத்தை முடிவு செய்யுங்கள். பாடகருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம் என்பது வழக்கம். இப்படி உட்கார்ந்தால் மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும். பழனி சுப்ரமணிய பிள்ளையைப் போல இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் பக்கம் மாற வேண்டியிருக்கும். அதை வயலின்காரரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது மரியாதை. பாடகரின் தாளம் போடும் கை மற்ற இருவர் கண்ணிலும் படுகிறதா என்று பாருங்கள். மைக் ஸ்டாண்ட், பூச்செண்டு, தண்ணீர் பாட்டில் எதுவும் அந்தக் கையை மறைக்கக் கூடாது.

3. கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். பாட்டுப் பட்டியல் முழுவதும் வேண்டாம். பிரதான உருப்படியின் தாளம், களை, எடுப்பு மூன்றும் தெரிந்தால் போதும். பேச்சு இவ்வளவுதான் இருக்கும்:

"அண்ணா, மெயின் என்ன?"

"கல்யாணிப்பா. ஆதி ரெண்டு களை. எடுப்பு அரை இடம்."

"நிரவல், ஸ்வரம் உண்டுதானே?"

"ரெண்டும் உண்டு. அது முடிஞ்சு தனி. நீ தாராளமா வாசி."

அந்தக் கடைசி வார்த்தை முக்கியம். சின்னவர் பெரியவருக்கு வாசிக்கும்போது பயத்தில் கை சுருங்கிவிடும். மூத்தவராக இருப்பவர் ஒரு வார்த்தை தைரியம் சொல்லிவிட்டால் அன்றைய கச்சேரியே மாறிவிடும். செம்பை வைத்தியநாத பாகவதர் பக்கவாத்தியக்காரர்களை, குறிப்பாக இளையவர்களை, மேடையிலேயே தட்டிக்கொடுத்து முன்னே கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றவர். பாலக்காடு மணி ஐயர் சிறுவனாக இருந்தபோதே அவருக்கு வாசித்தார்.

4. அபூர்வ ராகம் பாடப் போகிறீர்களா? ஆரோகண அவரோகணத்தையும் இரண்டு பிரயோகத்தையும் வயலின்காரரின் காதில் போட்டுவிடுங்கள். அவரை மேடையில் திணறவைப்பதால் உங்கள் வித்வத்து உயராது. கச்சேரிதான் இறங்கும்.

சுருதி சேர்க்கும் வரிசை

முதலில் தம்பூராவோ சுருதிப் பெட்டியோ. அடுத்து வயலின்: ஸ-ப-ஸ-ப என்று நாலு தந்தியும். பிறகு மிருதங்கம். அதற்கும் பிறகு கடம், கஞ்சிரா, மோர்சிங். இந்த வரிசை மாறினால் ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் கலைப்பார். ஒருவர் சேர்க்கும்போது மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருந்தால் யாருக்கும் எதுவும் கேட்காது.

மிருதங்கத்தில் வலந்தலையைச் சுற்றிப் பதினாறு கண்கள் உண்டு. மூட்டின் மேல் கல்லால் கீழ்நோக்கித் தட்டினால் சுருதி ஏறும். அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். எதிரெதிர்க் கண்களாகப் பார்த்துச் சமன் செய்யுங்கள். ஒரே பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் ஏறி எதிர்ப்பக்கம் நின்றுவிடும். தொப்பிக்கு ரவையை மேடை ஏறும் முன்பே போட்டுத் தயார் செய்யுங்கள்.

சேர்த்து முடிந்ததும் சுருதிப் பெட்டியை மட்டும் ஓடவிட்டு, பாடகர் ஸ-ப-ஸ பிடிக்க, வயலின் அதே ஸ்வரத்தை நீட்ட, மிருதங்கம் மெதுவாக ஒரு மீட்டு கொடுக்கட்டும். மூன்றும் ஒன்றாகக் கரைகிற அந்த நொடியை எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். அவசரமாக வர்ணத்தை எடுத்துவிட்டால் அதன் பிறகு அந்த நொடி வருவதில்லை.

குறிப்பு: ஏசி, மேடை விளக்கின் சூடு, மழைக்கால ஈரம் மூன்றும் தோலின் இறுக்கத்தை மாற்றும். ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில் ஒரு முறை சரிபாருங்கள். ஆலாபனை நடக்கும்போது கல்லை எடுக்காதீர்கள். அது பாடகரின் கற்பனையை வெட்டும்.

காலப்பிரமாணம்

ஒத்துப்போகாத கச்சேரிகளில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். தாளத்தில் எல்லோரும் சரியாக இருப்பார்கள். நடை ஒவ்வொருவருக்குள்ளும் வேறாக ஓடிக்கொண்டிருக்கும்.

பாடகருக்கு:

1. பாட்டை எடுக்கும் முன் பல்லவியின் முதல் வரியை வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். அந்தப் பாட்டிலேயே நெருக்கமான இடம் எது என்று பாருங்கள். கடைசி சங்கதியாக இருக்கலாம், தீட்சிதர் கிருதி என்றால் மத்தியமகால சாகித்தியமாக இருக்கலாம். அதை மனதுக்குள் ஒரு முறை ஓட்டி, அது எந்த வேகத்தில் தெளிவாக வருமோ அந்த வேகத்தில் பல்லவியை எடுங்கள்.

2. கையைத் தெளிவாகப் போடுங்கள். தட்டும் விரல் எண்ணிக்கையும் வீச்சும் வேறுவேறாகத் தெரிய வேண்டும். தொடையில் விரல் நுனியால் முணுமுணுப்பாகப் போடும் தாளத்தைப் பார்த்து யாரும் வாசிக்க முடியாது.

3. எடுத்த பிறகு முதல் இரண்டு ஆவர்த்தனத்துக்குப் புது சங்கதி எதுவும் போடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு நடை பிடிபடட்டும்.

மிருதங்கக்காரருக்கு:

1. முதல் வரியைக் கேளுங்கள். கை வாத்தியத்தின் மேல் இருக்கட்டும்; விரல் பேச வேண்டாம், அல்லது மிக மெல்லிசாகத் தொட்டுக்கொண்டு போகலாம்.

2. இரண்டாவது முறை அதே வரி வரும்போது சர்வலகுவில் சேருங்கள். பாட்டின் நடை எதுவோ அதையே திருப்பிச் சொல்லுங்கள். உங்கள் சொற்கட்டு அறிவைக் காட்டும் இடம் இது இல்லை.

3. அறுதி எங்கே விழுகிறது, சாகித்தியம் எங்கே மூச்சு விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறையிலிருந்து அந்த இடங்களை மட்டும் அழுத்திக் கொடுங்கள். பாடகர் தலையைத் திருப்பி உங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வை வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எங்கெல்லாம் ஓடும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சங்கதிகள் அடுக்கடுக்காக ஏறும்போது ஓடும். கற்பனை ஸ்வரம் மேல்கால‌த்துக்குப் போனதும் ஓடும். கைதட்டல் விழுந்த உடனே நிச்சயமாக ஓடும். எங்கே இழுக்கும்? மந்திர ஸ்தாயியில் நிரவல் செய்யும்போது, நீண்ட கார்வைக்குப் பிறகு, பாடகருக்குச் சாகித்தியம் சட்டென்று நினைவுக்கு வராத இடத்தில்.

ஓட ஆரம்பித்துவிட்டால் அடக்குவது மிருதங்கத்தின் பொறுப்பு. ஓங்கி ஒரு சாப்பு போட்டுப் பிடித்திழுத்தால் பாட்டு தடுக்கி விழும். அதற்குப் பதிலாகக் கனத்தைக் குறைத்து, இரண்டு ஆவர்த்தனத்துக்கு வெறும் சர்வலகு, அதுவும் இடைவெளி விட்டு வாசியுங்கள். சத்தம் குறைந்தால் பாடகர் தானாகவே கேட்கத் தொடங்குவார். கேட்கத் தொடங்கியதும் ஓட்டம் நிற்கும். இழுக்கும்போது தொப்பியில் கும்கியைக் குறைத்து வலந்தலையில் சின்னச் சொற்களால் நடையை நிரப்புங்கள்.

ஒலிப்பதிவுகளை வைத்துக் காதைப் பழக்கலாம். எம்.டி. ராமநாதன் பாடும் விளம்ப காலத்தில் மிருதங்கம் அவசரப்படாமல் எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு நாள் கேளுங்கள். இன்னொரு நாள் மதுரை மணி ஐயரின் சர்வலகு ஸ்வரங்கள். அங்கே பாட்டும் வயலினும் மிருதங்கமும் ஒரே ஓட்டத்தில் போவதைக் கேட்டால், கணக்கு இல்லாமலே களை கட்டும் என்பது புரியும். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் மத்தியமகாலத்தை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கச்சேரி முறைக்கு உருக்கொடுத்தவர் அவர். ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு அவர் வேகத்தை எப்படி மாற்றுகிறார் என்பதே தனிப் பாடம்.

ஆலாபனையில் வயலின்

பாடகர் ஒரு பிடியை முடித்து ஒரு ஸ்வரத்தில் நிற்கிறார். அந்த ஸ்வரத்தை நீங்கள் வில்லில் தாங்கிக்கொள்ள வேண்டும். அவர் மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில் ராகம் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு நூலிழை பின்னால் வாருங்கள். முன்னால் போகாதீர்கள், அடுத்த பிரயோகம் என்ன என்று உங்களுக்குத் தெரிந்தாலும் போகாதீர்கள்.

பின்னால் வருவதற்குக் காதோடு கண்ணும் வேண்டும். பாடகர் புதுப் பிடி எடுக்கும் முன் தோள் கொஞ்சம் உயரும், கழுத்து நிமிரும். சிலருக்கு இடது கை விரல் முதலில் அசையும். முதல் பத்து நிமிடத்தில் இதைக் கவனித்துக்கொண்டால் கடைசி வரை உதவும்.

வயலின்காரர்கள் வழக்கமாகத் தவறும் இடங்கள்:

– பாடகர் தார ஸ்தாயியைத் தொடும் முன்பே அங்கே போய்விடுவது. அவர் கட்டிவைத்திருந்த ஏற்றத்தை இது வீணாக்கும்.

– பாடும்போது கூடவே உரக்க வாசித்து மூடிவிடுவது. பாடகர் குரலை உயர்த்துவார், நீங்களும் உயர்த்துவீர்கள், இரண்டு பேருக்கும் களைப்புதான் மிச்சம்.

– தனி முறை வரும்போது பாடகரைவிட நீளமாக வாசிப்பது. என் அபிப்பிராயத்தில் பாதி நேரம் போதும். அவர் பாடியதில் ஒரு அழகான பிடியை எடுத்து, அதற்கு உங்கள் பதிலைச் சொல்லுங்கள். தயாரித்து வந்ததை அப்படியே இறக்கிவைப்பதைவிட இது பத்து மடங்கு உயர்ந்தது.

லால்குடி ஜெயராமன் தனி வாசிப்பில் பெரும்பெயர் எடுத்தவர். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத பாணிகளுக்கு அவர் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறார். அந்தப் பதிவுகளில் இரண்டை அடுத்தடுத்துக் கேட்டால், பாடகருக்கேற்ப ஒரே கை எப்படி வேறு வேறாகப் பேசுகிறது என்று தெரியும்.

பாடகருக்கும் ஒரு கடமை இருக்கிறது. வயலின் முறை வரும்போது நோட்டுப் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். கேளுங்கள். நல்ல பிடி விழுந்தால் வாய்விட்டு "பலே" சொல்லுங்கள். அடுத்து எடுக்கும் கீர்த்தனையில் அந்தப் பிடி உங்கள் தொண்டையில் திரும்ப வரும். சபை அதைக் கவனிக்கும்.

கணக்கை ஒன்றாக முடிப்பது

கோர்வையில் ஒன்றாக வந்து விழுந்தால் சபை ஆரவாரிக்கும். இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். ஒரு சின்ன தீர்மானத்தை எல்லோரும் சேர்ந்து பழகுங்கள்.

ஆதி தாளம், சதுச்ர நடை. அட்சரத்துக்கு நாலு மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. சொல்: த-க-தி-கி-ண-தொம், ஆறு மாத்திரை.

1. அதை மூன்று முறை சொல்லுங்கள்: 18 மாத்திரை.

2. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு மாத்திரை, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு மாத்திரை கார்வை: மொத்தம் 20.

3. 32-ல் 20 போக 12. அதாவது மூன்று அட்சரம் கழித்து, லகுவின் நாலாவது எண்ணிக்கையான நடுவிரலில் தொடங்கினால் முடிந்த கையோடு சமம் வரும்.

4. பாட்டின் எடுப்பு அரை இடம் என்றால் இரண்டு மாத்திரை தள்ளி முடிய வேண்டும். தொடங்கும் இடத்தை மாற்றாதீர்கள். கார்வை இரண்டையும் ஒவ்வொன்றுக்குப் பதில் இரண்டிரண்டு மாத்திரையாக நீட்டுங்கள். 18-உம் 4-உம் 22. அதே நடுவிரலில் தொடங்கி அரை இடத்தில் சரியாக விழும்.

பாடகர் இதை ஸ்வரத்தில் பாடும்போது முதல் ஆறிலேயே மிருதங்கக்காரருக்குச் சொல் பிடிபட்டுவிடும். கார்வையின் நீளம் தெரிந்ததும் மூன்றாவது ஆறில் அவர் உங்களோடு இருப்பார். ஆகவே பாடகர்கள் முதல் ஆறையும் முதல் கார்வையையும் நறுக்கென்று பாடுங்கள். கமகத்தில் குழைத்து மறைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. பக்கவாத்தியக்காரரைச் சோதிக்கும் கணக்குகளைக் கச்சேரியில் எறிவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். சிக்கலான பல்லவி பாட ஆசை இருந்தால் ஒரு மாலை மூவரும் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

மிருதங்கக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. சாபு தாளத்தில் மூன்று-நாலா, நாலு-மூன்றா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சியாமா சாஸ்திரியின் பூர்விகல்யாணி கீர்த்தனை 'நின்னுவினா கமரி' விலோம சாபு. நாலு முதலில், மூன்று பிறகு. பழக்க தோஷத்தில் மிச்ர சாபு நடையைப் போட்டுக்கொண்டே போனால் ஏழுக்கு ஏழு சரியாகத்தான் இருக்கும். பாட்டு மட்டும் உட்காராது.

தனி ஆவர்த்தனம்

மிருதங்கம் ஒரு முறை, கடமோ கஞ்சிராவோ ஒரு முறை. பிறகு குறைப்பு: எட்டு அட்சரம், நாலு, இரண்டு, ஒன்று. கடைசியில் மோரா, கோர்வை சேர்ந்து. உபபக்கவாத்தியம் வாசிப்பவர் மிருதங்கம் சொன்னதை அப்படியே ஒப்பிக்க வேண்டியதில்லை. அதே நடையில், அதே கனத்தில் பதில் சொன்னால் போதும். மிருதங்கம் திச்ர நடைக்குப் போனால் நீங்களும் அங்கே போங்கள். நீங்கள் கண்டத்தைத் தேடிக்கொண்டு போனால் தனி இரண்டாக உடையும்.

பாடகர் இந்த நேரம் முழுவதும் தாளம் போட வேண்டும். தெளிவாக, முகத்தில் அக்கறையோடு. தண்ணீர் குடிப்பது, அடுத்த பாட்டைப் பற்றி வயலின்காரரிடம் பேசுவது எல்லாம் தனி முடிந்த பிறகு. கோர்வை முதல் முறை வரும்போதே அதன் அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை முடிகிற இடத்தில் பாட்டின் வரியைத் தயங்காமல் எடுக்க வேண்டியவர் நீங்கள்.

தாளம் நழுவிவிட்டால்

நழுவாத கலைஞர் கிடையாது. நழுவிய பிறகு செய்ய வேண்டியது:

1. யாரும் யாரையும் முறைக்காதீர்கள். சபையில் பலருக்கு நடந்ததே தெரியாது. உங்கள் முகம்தான் சொல்லிக்கொடுக்கும்.

2. மிருதங்கம் உடனே எளிமைக்குத் திரும்பட்டும். வேலைப்பாடு வேண்டாம், தாளத்தின் எலும்புக்கூடு போதும்.

3. பாடகரின் கை ஓரிடத்திலும் பாட்டு ஓரிடத்திலும் இருந்தால் பக்கவாத்தியம் பாட்டோடு போக வேண்டும்.

4. பாடகர் ஸ்வரத்தை நிறுத்திவிட்டுப் பல்லவி வரியை எடுப்பில் பிடித்து, ஒரு ஆவர்த்தனம் அதையே பாடட்டும். மூவரும் அங்கே வந்து சேர்ந்த பிறகு மேலே போகலாம்.

உடம்பும் காதும் வாத்தியமும்

மேடை மானிட்டரில் தன் சத்தம் கேட்கவில்லை என்று ஒருவர் கூட்டச் சொல்வார், அடுத்தவரும் கூட்டச் சொல்வார். கடைசியில் யாருக்கும் எதுவும் கேட்காது. கூட்டச் சொல்வதைவிட மற்றவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்வது நல்லது. அமெரிக்காவின் நியாஷ் ஆய்வு நிறுவனம் 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை என்று எல்லை வைத்திருக்கிறது. மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி. கச்சேரி முடிந்து காதில் ரீங்காரம் கேட்டால் சத்தம் அதிகம் என்று பொருள். அடுத்த நாளும் நிற்கவில்லையென்றால் காது மருத்துவரைப் பாருங்கள்.

பக்கவாத்தியம் உரக்க இருந்தால் முதலில் அடிபடுவது பாடகரின் தொண்டை. தொண்டை அடைத்தாலோ வலித்தாலோ ஸ்தாயியைக் குறைத்துப் பாட்டை மாற்றிக்கொள்ளுங்கள். இழுத்துப் பிடித்துப் பாடாதீர்கள்.

இரண்டரை மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்வது பழக்கத்தால் வருவது. கால் மரத்தால் உருப்படிகளுக்கு இடையில் மாற்றிப் போடுங்கள். மடித்த துணி ஒன்றை இடுப்புக்குக் கீழே வைத்தால் முதுகு நிமிரும். மிருதங்கக்காரர்கள் விரல் நுனி வெடித்திருந்தால் ஆறும் வரை நீண்ட சாதகம் செய்யக் கூடாது. வயலின்காரர்களுக்குக் கழுத்திலோ மணிக்கட்டிலோ வலி தொடர்ந்தால் குருவிடம் சொல்லி உட்காரும் முறையைச் சரிபாருங்கள். பொறுத்துக்கொண்டு வாசிப்பது வீரம் இல்லை.

ரவை பிசைந்த ஈரக் கையோடு மைக்கையோ சுருதிப் பெட்டியின் பிளக்கையோ தொடாதீர்கள். கஞ்சிராவுக்குத் தெளிக்கும் தண்ணீரை வயர்களிலிருந்து தள்ளி வையுங்கள். புதிதாகக் கஞ்சிரா வாங்குபவர்கள் ஆட்டுத் தோலோ செயற்கைத் தோலோ போட்டதை வாங்குங்கள். உடும்புத் தோல் போட்டது வேண்டாம்; உடும்பு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட பிராணி.

இருவராகச் செய்யும் சாதகம்

மேடைக்குப் போகும் முன் ஒரு நண்பரோடு வாரம் இரண்டு முறை உட்காருங்கள். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். முதல் பயிற்சி கைவராமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

1. எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் ஸரளி வரிசை பாட, மற்றவர் சத்தமில்லாமல் தாளம் போடட்டும். பிறகு பாடுபவர் நாலு ஆவர்த்தனம் வாயை மூடி மனதுக்குள் பாட, இருவரும் சேர்ந்து சமத்தில் சத்தமாக எடுக்க வேண்டும். ஒன்றாக விழும் வரை இதே.

2. ஒருவர் ஆலாபனையில் ஒரு பிடி; மற்றவர் அதன் கடைசி ஸ்வரத்தை மட்டும் பிடித்து நிற்பது. பிடியைத் திருப்பி வாசிக்கக் கூடாது.

3. தெரிந்த கீர்த்தனையைப் பாடுபவர் சொல்லாமல் வேகத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாட, வாசிப்பவர் முதல் ஆவர்த்தனத்துக்குள் கூடவே வர வேண்டும்.

4. அதே கீர்த்தனை, இப்போது மிகமிக மெல்லிய சத்தத்தில். எதிராளியின் சத்தம் உங்களுடையதைவிடத் துலக்கமாகக் கேட்க வேண்டும். இது நாலிலும் கடினம், பலனும் இதில்தான் அதிகம்.

கச்சேரி முடிந்தபின் அங்கேயே குறை பேசாதீர்கள். நன்றி சொல்லி, பிடித்த ஒரு இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஒலிப்பதிவை இரண்டு நாள் கழித்துப் போட்டு, முதல் முறை உங்கள் வாத்தியத்தை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் கேளுங்கள். அவர் உங்களுக்கு இடம் கொடுத்தும் நீங்கள் கவனிக்காமல் கடந்துபோன இடங்களைப் பேனாவால் குறித்துவையுங்கள். அடுத்த முறை அவரோடு வாசிக்கக் கிளம்பும்போது அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.